கட்டை விரலின் தாளம்: கிட்டார் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) பிடித்து, பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்து வருகிறேன். இனி விரல்களால் மீட்டக் கற்கலாம் என்று தேடத் தொடங்கியதும், ‘ரூட்ஸ் ஃபிங்கர்ஸ்டைல்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. கிட்டாரின் உடலைத் தட்டியும், இரு கைகளாலும் கழுத்தின்மேல் அடித்தும் இன்று பலர் வாசிக்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ‘ரூட்ஸ்’ (வேர்கள்) என்று இங்கே சொல்லப்படுவது, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1930-கள் வரை, பெரும்பாலும் கறுப்பின மக்களின் கைகளில் உருவாகி வளர்ந்த ப்ளூஸ், ரேக்டைம், நடன இசை, தேவாலயப் பாடல் ஆகியவற்றின் கிட்டார் மரபு. மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவிகளின் வழிவந்த பேஞ்சோவில் பழகிய கைகளுக்கு, அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களின் மூலம் மலிவான கிட்டார்கள் வந்து சேர்ந்தபோது, கட்டை விரல் ஒரு வேலையையும் மற்ற விரல்கள் வேறொரு வேலையையும் செய்கிற பழக்கம் புதிய கருவியிலும் தொடர்ந்தது. சனிக்கிழமை இரவில் ஒரு வீட்டில் நடனம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசிப்பவர் ஒருவரே; டிரம் இல்லை, பியானோ இல்லை, துணைக்கு இன்னொரு கருவியும் இல்லை. ஆடுபவர்களின் கால்களுக்குத் தாளத்தையும், பாட்டுக்கு ஆதாரத்தையும், பாட்டின் இடைவெளிகளுக்கு மெட்டையும் அந்த ஒரு கிட்டாரே தர வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் இந்த முறை.

நீங்கள் குறிப்பிடும் இன்றைய வாசிப்பில் தாளத்தின் பெரும்பகுதியைக் கிட்டாரின் உடல்மீது விழும் தட்டு ஏற்றுக்கொள்கிறது. வேர் முறையிலோ தாளம் கட்டை விரலிடமே இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்ற வேறுபாடுகள் தாமாகவே விளங்கிவிடும்.

வட்டாரத்துக்கு வட்டாரம் கட்டை விரலின் நடையும் மாறுகிறது. வர்ஜீனியா, கரோலினாக்கள், ஜார்ஜியா ஆகிய மாநிலங்களில் பரவிய பீட்மான்ட் பகுதியில் அது இரண்டு மூன்று கம்பிகளுக்கு இடையே மாறி மாறி நடக்கிறது. டெக்சாஸின் மான்ஸ் லிப்ஸ்கம்ப் போன்றவர்களிடம் ஒரே கம்பியை இதயத் துடிப்பைப் போல் விடாமல் தட்டுகிறது. மிசிசிப்பி டெல்டாவிலோ அது இன்னும் கட்டற்றது. பாடுபவரின் குரலோடு சேர்ந்து நிற்கும், அழுத்தும், மீண்டும் ஓடும். மாறி மாறி நடக்கும் பேஸில் (தடித்த கம்பிகளின் ஆழ்ந்த ஒலியில்) தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அது கையில் படிந்தவருக்கு மற்ற இரண்டும் எளிதாக வரும். டெல்டா முறையில் தொடங்கியவர்கள் சீரான நடைக்குத் திரும்பச் சிரமப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆறு மாதமாகப் பயிற்சி செய்கிறேன். கட்டை விரலை மட்டும் தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. மெட்டைச் சேர்த்தவுடன் ஒன்று நின்றுவிடுகிறது, இல்லையென்றால் மெட்டோடு சேர்ந்து தாவுகிறது. என் கைக்கு இது வராதோ என்ற ஐயம் எழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கைக்கு இது வரும். நானும் இதே இடத்தில் ஏறத்தாழ ஓராண்டு நின்றிருந்தேன். அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

‘தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது’ என்கிறீர்கள். அதை முதலில் சோதித்துப் பாருங்கள். ‘ஸி’ கார்டைப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பியையும் மாறி மாறி மீட்டியபடியே, அருகில் இருப்பவரிடம் அன்று நடந்த ஏதாவதொன்றைச் சொல்லுங்கள். (மெல்லிய கம்பி ஒன்று, தடித்த கம்பி ஆறு என்ற வழக்கமான எண்ணிக்கையையே பின்பற்றுகிறேன்.) பேச்சின் நடுவே விரல் தடுமாறினால், அது இன்னும் உங்கள் கவனத்தைத் தின்றுகொண்டுதான் ஓடுகிறது என்று பொருள். மெட்டு வரும்போது கவனம் அங்கே போய்விடுகிறது. தாங்குவாரில்லாத கட்டை விரல் நின்றுவிடுகிறது. கை செய்யும் பிழை அன்று இது. கவனம் விலகினாலும் ஓடுகிற நிலைக்குக் கட்டை விரலைக் கொண்டுவராமலேயே அடுத்த படிக்கு ஏறிவிட்டதன் விளைவு.

ஆகவே இரண்டு வாரங்களுக்கு மெட்டை முற்றிலும் நிறுத்திவையுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, தட்டுக்கு ஒரு மீட்டல் வீதம் கட்டை விரலை மட்டும் ஓட்டுங்கள். ‘ஸி’ கார்டில் ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு. ‘ஜி’ கார்டில் ஆறு, நான்கு, ஆறு, நான்கு. ‘டி’ கார்டில் நான்கு, மூன்று, நான்கு, மூன்று. கார்டு மாறுகிற இடத்தில் இடக்கை பிந்தினாலும் கட்டை விரல் காத்திருக்கக் கூடாது. தவறான சுரம் ஒலித்தாலும் பரவாயில்லை, தட்டு விழ வேண்டிய நேரத்தில் விழுந்தே ஆக வேண்டும். இந்த ஒரு விதியைத் தளர்த்தாமல் கடைப்பிடித்தால், இடக்கை தானாகவே விரைந்து வந்து சேரப் பழகிவிடும்.

நான்கு தட்டுகளும் ஒரே கனத்தில் ஒலிக்கக் கூடாது என்பதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். முதல், மூன்றாம் தட்டுகளில் தடித்த கம்பி ஒலிக்கிறது. இரண்டாம், நான்காம் தட்டுகளில் விரல் சற்று அழுத்தமாக விழுந்து, நான்காம் கம்பியோடு மூன்றாம் கம்பியையும் லேசாக உரசிச் சென்றால், ரேக்டைம் பியானோக்காரரின் இடக்கை எழுப்பும் அந்தத் ‘தும்–சக், தும்–சக்’ உங்கள் கிட்டாரிலும் பிறக்கும். அந்த ஒப்பீடு என்னுடையதன்று: 1920-களில் ப்ளூஸ் கலைஞர் பிளைண்ட் பிளேக்கின் வாசிப்பைப் ‘பியானோ போல ஒலிக்கும் கிட்டார்’ என்றே பாரமவுன்ட் இசைத்தட்டு நிறுவனம் விளம்பரப்படுத்தியது. வலது உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் கிட்டாரின் உடலில் வந்து சேரும் பாலத்தின்மேல், தடித்த கம்பிகளை மட்டும் தொடும்படி மெல்லப் பதித்தால் பேஸ் குறுகி ஒலிக்கும்; அதற்கு மேலே மெட்டு நீண்டு ஒலிக்க இடம் கிடைக்கும்.

இரண்டு வாரம் கழித்து மெட்டை அல்ல, ஒரே ஒரு சுரத்தைச் சேருங்கள். முதல் தட்டில் கட்டை விரல் ஐந்தாம் கம்பியை மீட்டும்போது நடு விரல் முதல் கம்பியைச் சேர்த்து மீட்டட்டும். இரண்டையும் கிள்ளி எடுப்பது போன்ற இந்த அசைவைப் ‘பிஞ்ச்’ என்பார்கள். முதல் தட்டில் பழகியதும் இரண்டாம் தட்டில் மட்டும், பிறகு மூன்றாவதில் மட்டும், பிறகு நான்காவதில் மட்டும் செய்து பாருங்கள். தட்டோடு சேரும் சுரங்கள் விரைவில் வசப்படும். உண்மையான இடர் தட்டுகளுக்கு நடுவே விழும் சுரங்களில்தான் இருக்கிறது. இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் சரி நடுவில் ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியை மீட்டட்டும். அந்த ஒரு சுரத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அது படிந்ததும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நடு விரலால் முதல் கம்பியைச் சேருங்கள். இப்போது முதல் தட்டில் பிஞ்ச், இரண்டில் கட்டை விரல், நடுவில் ஆள்காட்டி, மூன்றில் கட்டை விரல், நடுவில் நடு விரல், நான்கில் கட்டை விரல் என்று ஒரு முழுச் சுற்று உங்களிடம் இருக்கிறது. இந்த மரபின் எண்ணற்ற பாடல்களுக்கு இதுவே அடித்தளம்.

ஓர் எச்சரிக்கை: இந்தச் சுற்று கையில் படிந்தவுடன் அதையே எல்லாப் பாட்டுக்கும் அச்சாக ஊற்றிவிடாதீர்கள். சுற்று என்பது பயிற்சி. மெட்டு எங்கே விழ வேண்டும் என்று கேட்கிறதோ அங்கே விரலைக் கொண்டுபோவதுதான் வாசிப்பு. அந்த விடுதலையைப் பெறவே கட்டை விரலுக்கு இத்தனை பயிற்சி தருகிறோம்.

கேள்வி: ‘ட்ராவிஸ் பிக்கிங்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா? வலக்கையில் எத்தனை விரல்களைப் பயன்படுத்துவது சரி? நகம் வளர்க்க வேண்டுமா, கட்டை விரலில் மாட்டும் தம்ப் பிக் அணிய வேண்டுமா?

பதில்: கென்டக்கி மாநிலத்தின் மூலன்பர்க் வட்டாரத்தில் 1917-இல் பிறந்த கிட்டார் கலைஞர் மெர்ல் ட்ராவிஸின் பெயரால் வழங்கும் அந்த முறை, இந்த மரபின் ஒரு கிளை. ஆனால் பெயர் அவருடையதாக இருப்பதால் வேர் மறைந்துவிடக் கூடாது. மேற்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாகவும் ஊர் ஊராகச் சென்று வாசிப்பவராகவும் வாழ்ந்த ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் கட்டை விரல் நடை, கென்னடி ஜோன்ஸ், மோஸ் ரேகர், ஐக் எவர்லி முதலியோர் வழியாகவே ட்ராவிஸை வந்தடைந்தது. ஷுல்ட்ஸ் 1931-இல் காலமானார்; அவருடைய வாசிப்பு ஒருமுறைகூட ஒலிப்பதிவாகவில்லை. உலகமெங்கும் எத்தனையோ விரல்களில் ஓடும் ஒரு நடையின் ஊற்றுக்கண்ணை நம்மால் கேட்கவே முடியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இந்த முறையைக் கற்கும் ஒவ்வொருவரும் அவர் பெயரையும் கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விரல்களின் எண்ணிக்கைக்குச் சரி, தவறு கிடையாது. ட்ராவிஸும், தென் கரோலினாவில் பிறந்து பின்னாளில் நியூயார்க்கில் பலருக்குக் கற்பித்த பார்வையற்ற மேதை ரெவரண்ட் கேரி டேவிஸும், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டுமே கொண்டு வாசித்தார்கள். டேவிஸின் ரேக்டைம் வாசிப்பைக் கண்ணை மூடிக் கேட்பவர், அது இரண்டே விரல்களின் வேலை என்று நம்ப மாட்டார். இன்னொரு கிட்டார் கலைஞரான செட் அட்கின்ஸோ, ட்ராவிஸை வானொலியில் கேட்டு, இவ்வளவு சுரங்களுக்கு இரண்டு விரல்கள் போதா என்று எண்ணிக் கூடுதல் விரல்களால் அதை உருவாக்கிக்கொண்டார். அந்தத் தவறான ஊகமே அவருக்கென்று ஒரு தனி முறையைத் தந்தது. நீங்கள் கட்டை விரலோடு ஆள்காட்டி, நடு விரல்களைக் கொண்டு தொடங்குங்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைப் போல மற்ற விரல்களைக் கிட்டாரின் முகப்பில் மெல்ல ஊன்றிக்கொண்டால் கை நிலைபெறும். ஊன்றாமலேயே நிலைபெறுகிறது என்றால் ஊன்ற வேண்டாம்.

நகம், தம்ப் பிக் இரண்டும் ஒலியின் நிறத்தைப் பற்றியவை. விரல் சதையில் ஒலி மென்மையாகவும் உருண்டையாகவும் வரும். தம்ப் பிக் பேஸுக்குக் கூர்மையைத் தரும். முதல் ஆறு மாதம் வெறும் விரலால் வாசித்துவிட்டுப் பிறகு தம்ப் பிக்கை முயலுங்கள்.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். வலக்கைக் கிட்டாரிலேயே கற்கலாமா, கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டுமா?

பதில்: எலிசபெத் காட்டன் இரண்டையும் செய்யவில்லை. வட கரோலினாவில் 1893-இல் பிறந்த அவர், வலக்கையாளருக்காகக் கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, விரல்களால் பேஸையும் கட்டை விரலால் மெட்டையும் வாசித்தார். வீட்டு வேலை செய்து வாழ்ந்த அவருடைய கலையை உலகம் அறிந்தபோது அவர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தபின் கிராமி விருது பெற்றார். ஆயினும் உங்களுக்கு நான் சொல்வது, இடக்கையாளருக்கென்று அமைத்த கிட்டாரை, அல்லது பாலத்தையும் நட்டையும் (கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் பட்டையையும்) மாற்றி முறையாகக் கம்பி கட்டிய கிட்டாரைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. தாளம் காக்கும் கட்டை விரல் உங்களுடைய வலிய, இயல்பான கையில் இருப்பது நல்லது.

கேள்வி: டேப் பார்த்து ஏழெட்டுப் பாடல்களை முழுமையாகக் கற்றுவிட்டேன். சுரங்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் மூல ஒலிப்பதிவைக் கேட்டால் என் வாசிப்பு உயிரில்லாமல் இருப்பது எனக்கே தெரிகிறது. எங்கே குறை?

பதில்: குறை உங்கள் விரல்களில் இல்லை. டேப் என்பது ஆறு கோடுகளில் விரலின் இருப்பிடத்தைச் சொல்லும் குறிப்பு. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) என்று அது சொல்லும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம், தட்டின் நடுவே விழும் சுரம் சரி பாதியில் விழுகிறதா அல்லது சற்றுப் பிந்திச் சாய்ந்து விழுகிறதா என்பதை அதனால் சொல்ல இயலாது. இந்த இசையின் உயிர் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தொடக்க நாள்களில் ஒரு டேப் நூலை நம்பி, விரல்களை வலிக்க வலிக்க விரித்து ஒரு ப்ளூஸ் பாடலை நான்கு மாதம் பயின்றேன். பின்னர் மூல ஒலிப்பதிவை மெதுவாக்கிக் கேட்டபோதுதான், அக்கலைஞர் கம்பிகளைத் திறந்த சுருதியில் (எதையும் அழுத்தாமலேயே ஒரு முழுக் கார்டு ஒலிக்கும்படி) கூட்டிக்கொண்டு, ஒரே விரலால் அந்த இடத்தை வாசித்திருந்தது புலப்பட்டது. நூலை எழுதியவர் எல்லாச் சுரங்களையும் சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் சாதாரண சுருதியில் எழுதியிருந்தார். அன்று முதல், காதால் கேட்டு ஒருமுறையேனும் தேடிப் பார்க்காத பாடலுக்கு டேப்பைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

எப்படித் தேடுவது? முதல் நாள் கிட்டாரைத் தொடாதீர்கள். பாடலைப் பத்து முறை கேட்டு, மெட்டை முணுமுணுக்கும் அளவுக்கு மனத்தில் ஏற்றுங்கள். பிறகு பேஸை மட்டும் பின்தொடர்ந்து முணுமுணுங்கள். இரண்டாவது மிகக் கடினமாக இருக்கும், ஆனால் உங்கள் காது திறப்பது அந்த முயற்சியில்தான். அடுத்ததாக, பாடல் எந்தக் கார்டில் வந்து ஓய்கிறது என்று கண்டுபிடியுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளின் பதிவு வேகம் ஒரே சீராக இருந்ததில்லை, கலைஞர்களும் தம் குரலுக்கேற்பக் கிட்டாரை ஏற்றியோ இறக்கியோ சுருதி கூட்டிக்கொண்டார்கள். ஆகவே நீங்கள் கேட்பது ‘ஸி’க்கும் ‘பி’க்கும் நடுவே எங்கோ இருக்கலாம். சுரத்தின் பெயரைத் தேடாமல், கார்டின் வடிவத்தைத் தேடுங்கள். மீட்டியபின் நீண்டு அதிரும் திறந்த கம்பிகள் எவை, பேஸ் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்பவையே துப்பு. பாடல் வந்து ஓயும் கார்டின் மூலச் சுரத்துக்குக் கீழேயும் ஆழமான பேஸ் ஒலிக்கிறது என்றால் ‘ஸி’ அல்லது ‘ஏ’ வடிவமாக இருக்கலாம். மூலச் சுரமே எல்லாவற்றிலும் ஆழமாக ஒலித்தால் ‘ஈ’ வடிவத்தை முதலில் முயன்று பாருங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைக்கும் செயலிகள் இன்று எல்லோருக்கும் கிடைக்கின்றன. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

முதலில் காதால் தேடுவதற்கு ஜான் ஹர்ட்டைவிடப் பொருத்தமானவர் இல்லை. பேஸ் தெளிவு, வேகம் மிதம், மெட்டு பாடுவது போலவே ஒலிக்கும். 1928-இல் ஓகே நிறுவனத்துக்காகப் பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, மிசிசிப்பியின் அவலான் என்ற சிற்றூரில் வேளாண்மைக்குத் திரும்பிவிட்டார் அவர். 1952-இல் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பில் அவருடைய இரண்டு பாடல்கள் இடம்பெற்றபின், கேட்டவர்கள் அந்த விரல்களைத் தேடத் தொடங்கினார்கள். அவர் தம் பாட்டில் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்ததே குறிப்பாகி, 1963-இல் அதே ஊரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அவர் 1966-இல் மறையும்வரை பதிவான ஒலிப்பதிவுகள் தெளிவானவை; 1928-இல் வாசித்த அதே பாடல்களை முதிய வயதில் மீண்டும் வாசித்திருப்பதால், தேய்ந்த பழைய தட்டில் கேட்காத சுரத்தைப் புதிய பதிவில் தேடிக் கண்டுகொள்ளலாம். ஒரே பாடலின் இரு பதிவுகளிலும் அவர் ஒரே மாதிரி வாசிப்பதில்லை என்பதையும் அப்போது கவனிப்பீர்கள். உங்கள் வாசிப்பில் இல்லாத உயிர் எது என்பது அங்கே உங்களுக்கே விளங்கும்.

கேள்வி: ‘ஸ்பானிஷ்’, ‘வாஸ்டபோல்’ என்று பழைய கலைஞர்கள் சொல்லும் சுருதிகள் யாவை? தொடக்கநிலையில் இருப்பவர் அவற்றுக்குப் போகலாமா?

பதில்: எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல் ஆறு கம்பிகளையும் வருடினால் ஒரு முழுக் கார்டு ஒலிக்கும்படி கூட்டுவதே திறந்த சுருதி. ‘ஸ்பானிஷ்’ என்பது திறந்த ‘ஜி’: ஒன்று, ஐந்து, ஆறாம் கம்பிகளை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால் போதும். ‘வாஸ்டபோல்’ என்பது திறந்த ‘டி’: ஒன்று, இரண்டு, ஆறாம் கம்பிகளை முழுச் சுரமும், மூன்றாம் கம்பியை அரைச் சுரமும் இறக்க வேண்டும். இரண்டிலும் கம்பிகளைத் தளர்த்துவதே தவிர இறுக்குவதில்லை என்பதால் கிட்டாருக்குத் தீங்கு இல்லை. பெயர்களின் வரலாறு சுவையானது: 19-ஆம் நூற்றாண்டில் வீட்டு வரவேற்பறைகளில் வாசிக்கப்பட்ட ‘ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ’, கிரீமியப் போரின் முற்றுகையை நினைவூட்டும் ‘செபாஸ்டபோல்’ என்ற இரண்டு கிட்டார் உருப்படிகள் இச்சுருதிகளில் அமைந்தவை. அவை கைமாறி, வாய்மாறி, ‘செபாஸ்டபோல்’ தென் மாநில ஊர்களில் ‘வாஸ்டபோல்’ ஆயிற்று.

தொடக்கநிலையினர் தாராளமாகப் போகலாம்; திறந்த ‘டி’யில் ஆறு, ஐந்து, நான்காம் கம்பிகளில் இடக்கை ஒன்றுமே செய்யாமல் கட்டை விரலுக்கு முழு பேஸ் கிடைத்துவிடுவதால், இடக்கையின் தொல்லையின்றி வலக்கையைப் பழக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒரு சுருதியில் மூன்று மாதமாவது தங்குங்கள். வாரத்துக்கு ஒரு சுருதி மாற்றுபவருக்கு எந்தச் சுருதியிலும் மெட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

கேள்வி: விரல் நுனிகளும் மணிக்கட்டும் வலிக்கின்றன. கிட்டாரை மாற்ற வேண்டுமா?

பதில்: விரல் நுனி வலி சில வாரங்களில் தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டிலும் முழங்கையிலும் வரும் வலி அப்படிப்பட்டதன்று. வலித்தவுடன் நிறுத்துங்கள், நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கிட்டாரை மாற்றுமுன் மூன்றைப் பாருங்கள்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியின் உயரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பழுது பார்ப்பவரிடம் இறக்கச் சொல்லுங்கள்; கம்பித் தொகுப்பின் மிக மெல்லிய கம்பி 12 (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) தடிமன் உள்ளதானால் 11 அல்லது 10 உள்ளதற்கு மாறுங்கள்; எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வியான கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்து வாசித்துப் பாருங்கள். பின்னொரு நாள் புதிதாக வாங்க நேர்ந்தால், நட்டின் அகலம் 43 மில்லிமீட்டருக்குப் பதில் 44.5 இருக்கும் கிட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல்களுக்கு அந்தச் சிறு இடைவெளி பெரிய உதவி.

கேள்வி: பிறருடைய உருப்படிகளை வாசித்தது போதும் என்று தோன்றுகிறது. எனக்குப் பிடித்த ஒரு மெட்டை நானே இந்த முறையில் அமைக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

பதில்: மிக எளிய மெட்டாக, மூன்றே கார்டுகளில் அடங்குவதாகத் தேர்ந்தெடுங்கள். முதல் முடிவு, எந்தக் கார்டை ஆதாரமாக வைப்பது என்பது. கட்டை விரல் தடித்த கம்பிகளில் நடந்துகொண்டிருப்பதால், மெட்டு மெல்லிய மூன்று கம்பிகளில் அடங்க வேண்டும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது. மூன்றாம் கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் ‘ஜி’யிலிருந்து முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ‘ஜி’ வரை அந்த இடம் சரியாக ஒரு ஸ்தாயி. ஆகவே உங்கள் மெட்டு சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை உலாவுவதானால் ‘ஜி’யை ஆதாரமாக வையுங்கள், கீழ்ப் பஞ்சமத்திலிருந்து நடுப் பஞ்சமம் வரை சட்ஜத்தைச் சுற்றிச் சுற்றி வருவதானால் ‘ஸி’யை வையுங்கள். இந்த ஒரு முடிவைத் தவறாக எடுத்துவிட்டு, பிறகு விரல்களை எட்டாத இடத்துக்கு நீட்டிப் போராடுபவர்களே அதிகம். குரலுக்கு அந்த உயரம் ஒத்துவராவிட்டால் கேப்போ இருக்கிறது.

அடுத்து, கட்டை விரலின்றி மெட்டை மட்டும் அந்தந்தக் கார்டைப் பிடித்தபடியே வாசியுங்கள். மெட்டின் பல சுரங்கள் கார்டின் வடிவத்துக்குள்ளேயே கிடைப்பதைக் காண்பீர்கள். கிடைக்காதவற்றுக்கு ஒரு விரலை மட்டும் நகர்த்தினால் போதும். பிறகு கட்டை விரலைச் சேர்த்து, மெட்டின் ஒவ்வொரு சுரமும் தட்டின் மேலேயே விழும்படி வாசியுங்கள். கேட்பதற்குச் சற்று விறைப்பாக, பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பைப் போல இருக்கும், இருக்கட்டும். இந்த நிலையிலேயே ஒரு வாரம் வாசித்து, கட்டை விரல் உறுதிப்பட்டபின், மெட்டில் மூன்றாம் தட்டின்மேல் விழும் ஒரு சுரத்தை மட்டும் அரைத் தட்டு முன்னதாக இழுத்து வாசித்துப் பாருங்கள். விறைப்பு உடைந்து, மெட்டு நடக்கத் தொடங்கும். எத்தனை சுரங்களை இப்படி முன்னிழுப்பது என்பதற்கு விதி இல்லை. எல்லாவற்றையும் இழுத்தால் தாளம் கலங்கிவிடும். ஒவ்வொரு வரியிலும் ஒன்றிரண்டில் நிறுத்திக்கொண்டால் அழகாக இருக்கும் என்பது என் அனுபவம். பாடி, அதைப் பதிவு செய்து கேளுங்கள். பாடும்போது எந்தச் சொல்லை இயல்பாகவே முந்திச் சொல்கிறீர்களோ அந்தச் சொல்லின் சுரமே முன்னிழுக்க வேண்டியது.

கடைசியாக, இடைவெளிகளை நிரப்பாதீர்கள். பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் அலங்காரச் சுரங்களைத் திணிக்க விரல்கள் துடிக்கும். அங்கே மெட்டு விரல்களை ஓய்வாக வைத்துவிட்டு, ஐந்தாம் கம்பியும் நான்காம் கம்பியும் மட்டும் இரண்டு தட்டுகளுக்குத் தனியே ஒலிக்கட்டும்.